‘எனக்கு!’ என்று கூவப் பழகுங்கள்

பந்தைப் பிடிக்கக் கற்ற மாணவர் பலருண்டு. பிடிக்குமுன் வாய்திறந்து சொல்லக் கற்றவர் மிகச் சிலரே. இக்குறையால் விளையும் கேடு சிறிதன்று.

1999ஆம் ஆண்டு செப்டெம்பரில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் டெஸ்ட் பந்தயம் ஆடின. மஹேல ஜயவர்தன அடித்த பந்து உயர எழுந்தது. அதைப் பிடிக்க அவுஸ்திரேலிய அணித் தலைவர் ஸ்டீவ் வோ பின்னோக்கி ஓடினார். தொலைவில் நின்ற ஜேசன் கில்லெஸ்பி முன்னோக்கி ஓடிவந்தார். இருவர் பார்வையும் பந்தின் மேலேயே இருந்தது. மோதி வீழ்ந்தனர். வோவுக்கு மூக்கு உடைந்தது. கில்லெஸ்பிக்குக் கால் முறிந்தது. பந்தும் கைநழுவிப் போயிற்று. தேர்ந்த வீரருக்கே இக்கதியெனின், வெள்ளவத்தைக் கடற்கரையிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் ஆடும் நம் சிறுவர் எம்மாத்திரம்!

இதற்கு நல்ல மருந்து பேஸ்போல் ஆட்டத்தில் உண்டு. கிரிக்கெட்டுக்கு உறவான அவ்வாட்டத்திற்கு நம் நாட்டிலும், ஹோமாகமையை அடுத்த தியகமவில், ஜப்பானின் உதவியுடன் அமைந்த மைதானம் இருக்கிறது. அவ்வாட்டத்தில், உயர எழும் பந்து யாருக்குரியது என்பதைப் பயிற்சியாளர் முன்னதாகவே வகுத்துவிடுவார். பின்னோக்கி ஓடுபவரைவிட முன்னோக்கி வருபவருக்கே உரிமை அதிகம். பந்தையும் எதிரே வருபவரையும் ஒருசேரக் காணக்கூடியவர் அவரே. உட்களத்தைக் காப்போருள் இருவர் ஒருங்கே கூவினால், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கிடையே நிற்கும் ‘ஷோர்ட்ஸ்டொப்’ என்பவரின் சொல்லே நிற்கும். பிடிக்க வருபவர் இருமுறை மும்முறை உரக்கக் கூவ வேண்டும். ஏனையோர் உடனே விலக வேண்டும்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. ஓரணியிலேயே ஒருவன் ‘எனக்கு’ என்பான். மற்றவன் ‘மகே’ என்பான். மூன்றாமவன் ‘மைன்’ என்பான். ஆதலால் எம்மொழியாயினும் ஒரே சொல்லை ஆட்டத்திற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மேல்வகுப்பு அண்ணன் ஓடிவருகையில், கூவுவது மரியாதையன்று என்று சிறியவன் தயங்குகிறான். வீட்டில் ‘வாயை மூடு’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு மைதானத்தில் மட்டும் குரல் எங்கிருந்து வரும்? களத்தில் மௌனம் அடக்கமன்று, ஆபத்து என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். பெரியவனுக்கோ, தம்பியின் குரல் கேட்டதும் விலகுவதே வீரமென்று கற்பியுங்கள்.

இன்று மாலையே இருவரை எதிரெதிரே நிறுத்தி, நடுவே மென்பந்தை உயர எறிந்து பாருங்கள். முதலிற் குரல் எழட்டும்; பின்னர் கை நீளட்டும்.