வாங்கின பெட்டிக்குள் பூட்டின அறை

மின்வாரியத்தில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், கம்ப்யூட்டர் பற்றி நான் எதை எழுதினாலும் நண்பர்கள் அதை மின்சாரத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் கேள்வி கேட்பார்கள். கம்பெனிக்காரன் மூடி வைத்த கோர்களைத் திறந்து, புராசசரை வேகம் கூட்டி ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் பட்டென்று சொன்னார்: "ஏங்க சார், சீல் வெச்ச மீட்டர்ல கை வெச்சவனுக்கெல்லாம் நாம அபராதம் போட்டோம். இதுவும் அதே திருட்டுத்தானே?"

திருட்டு இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பையன்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று தள்ளிவிட வேண்டாம். நாளைக்கு நம் பேரன் பேத்திகள் வாங்கப்போகும் வண்டி வாகனமெல்லாம் இதில் அடக்கம்.

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். ஒரு தறிக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைதான் புராசசர் சிப். உள்ளே ஓடும் தறி ஒவ்வொன்றும் ஒரு கோர். நாலு தறி இருந்தால் ஒரே நேரத்தில் நாலு சேலை நெய்யலாம். 2009 ஜனவரியில் ஏ.எம்.டி. கம்பெனி 'பினாம் 2 எக்ஸ்4' என்று நாலு கோர் சிப்பைக் கொண்டுவந்தது. பிப்ரவரியில் மூன்று கோர் உள்ள எக்ஸ்3 720 வந்தது. ஜூனில் இரண்டு கோர் உள்ள எக்ஸ்2 550 வந்தது. இவை மூன்றும் தனித்தனியாக வார்த்தவை என்று நினைப்போம். ஆனால் அச்சு ஒன்றுதான். 258 சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் துண்டில் 75 கோடிக்கு மேல் டிரான்சிஸ்டர்கள். இரண்டு கோர் என்று விற்ற சிப்புக்குள்ளும் நாலு தறி இருந்தன. இரண்டுக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் சாத்தினார்கள்? இதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. சிப் வார்க்கும்போது எல்லாமே ஒரே தரத்தில் வராது. ஒரு கோரில் பழுது இருந்தால், சிப் முழுவதையும் குப்பையில் கொட்டாமல், பழுதானதை மூடிவிட்டுக் குறைந்த விலைக்கு விற்பார்கள். சேலம் மாம்பழ மண்டியில் முதல் ரகம், இரண்டாம் ரகம், அடிபட்டது என்று பிரிப்பதுபோலத்தான் இதுவும். இதில் ஒரு குற்றமும் இல்லை. பொருள் வீணாகாமல் இருக்கிறது, ஏழைக்கும் ஒன்று கிடைக்கிறது.

ஆனால் மண்டியில் அடிபட்ட பழத்துக்குக் கிராக்கி ஏறி, கூடை காலியாகிவிட்டால் என்ன செய்வார்கள்? நல்ல பழத்தையே எடுத்து அந்தக் கூடையில் போட வேண்டியதுதான். சிப்பிலும் அதுதான் நடந்தது. ஒரு பழுதும் இல்லாத கோர்களும் மூடப்பட்டு விற்பனைக்கு வந்தன. சில மதர்போர்டுகளில் 'அட்வான்ஸ்டு கிளாக் காலிப்ரேஷன்' என்று ஒரு வசதி இருந்தது. வேகம் கூட்டும்போது சிப் தடுமாறாமல் இருப்பதற்காக ஏ.எம்.டி.யே கொடுத்தது அது. பயாஸில் போய் அதை இயக்கினால், மூடிய கோர்கள் பல சிப்புகளில் விழித்துக்கொண்டன! 102 டாலர் விலையில் வந்த எக்ஸ்2 550 சிப், 245 டாலர் விலையில் வந்த எக்ஸ்4 955 சிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. முதலாவதன் வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவதன் வேகம் 3.2. அடுத்த வரிசை மதர்போர்டுகளில் ஏ.எம்.டி. அந்த வசதியை எடுத்துவிட்டது. போர்டு செய்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே ஓர் ஏற்பாட்டைச் செய்து, கோர் திறக்கும் வசதி உண்டு என்று விளம்பரமே போட்டு விற்றார்கள்.

இப்போது மீட்டர் கதைக்கு வருகிறேன். மீட்டர் வாரியத்தின் சொத்து. அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் மேட்டூரில் நிலக்கரி எரித்தோ, அணைத் தண்ணீரைத் திறந்தோ உற்பத்தி செய்தது. மீட்டரை ஏமாற்றினால் அந்தச் செலவு ஒழுங்காகப் பணம் கட்டுகிறவன் தலையில் விழும். ஆகவே அது திருட்டு. சிப் அப்படியா? பில் போட்டு, வரியும் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. உள்ளே தூங்கும் கோரை நான் எழுப்பினால் கம்பெனிக் கிடங்கிலிருந்து ஒரு மணல் துகள்கூடக் குறையாது. கரண்டு கூடுதலாக ஆகும்தான். அதற்கு என் வீட்டு மீட்டர் ஓடுகிறது, நான் கட்டுகிறேன்.

"விலையைக் குறைத்ததே அதைப் பயன்படுத்தமாட்டாய் என்ற நம்பிக்கையில்தானே?" என்று கேட்பார்கள். அப்படி நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. இரண்டு கோருக்கு அவர்கள் உத்தரவாதம் தந்தார்கள், அந்த இரண்டுக்கு நான் பணம் தந்தேன். மீதி இரண்டு ஓடினால் என் அதிர்ஷ்டம். ஓடாவிட்டால் வாரண்டி கேட்டுப் போய் நிற்க எனக்கு முகம் கிடையாது. கணக்கு அங்கே நேராகிவிட்டது.

திறக்கிறவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்றும் நான் சொல்லவில்லை. 2010 வாக்கில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கல்லூரிக்கென்று ஒரு கடையில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினான். "நாலு கோர்" என்று சொல்லி நாலு கோர் விலையே வாங்கியிருந்தார்கள். சித்திரை வெயிலில் அடிக்கடி அப்படியே உறைந்து நின்றது. பிறகு ஒருநாள் கரண்டு போய் வந்தபோது கம்ப்யூட்டர் "எனக்கு இரண்டே கோர்" என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோய், பயாஸில் கடைக்காரர் செய்து வைத்த மாற்றம் அழிந்துவிட்டது. இருந்தது எக்ஸ்2 550 சிப். அந்த வருடங்களில் நம் ஊரில் கரண்டு எப்படிப் போய் வந்தது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு கோர் விலையில் வாங்கி நாலு கோர் விலையில் விற்ற அந்தக் காரியம்தான் சுத்தமான திருட்டு. பழுது என்று மூடப்பட்ட கோராகவும் அது இருந்திருக்கலாம். பழுதான கோர் புகைவிட்டுக் காட்டிக்கொடுக்காது. சில சமயம் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அமைதியாக இருக்கும். தறிக்காரர்களுக்குக் கூலி போடும் கம்ப்யூட்டரில் அப்படி நடந்தால் யார் பொறுப்பு?

தன் சொந்தப் பெட்டியைத் திறக்கிறவன், தெரிந்தே செய்கிறான், நஷ்டமும் அவனுக்கே. தெரியாதவன் தலையில் கட்டுகிறவனை அவனோடு சேர்த்து எண்ணக்கூடாது.

வேகம் கூட்டி ஓட்டுவதற்கும், அதாவது ஓவர்கிளாக் செய்வதற்கும், இதே நியாயம்தான். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவு சிப்பை, பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, 300-க்குப் பதில் 450-ல் ஓட்டியவர்கள் ஏராளம். தங்கள் அறிவைச் செலவழித்தார்கள், பலன் எடுத்தார்கள். ஆனால் இயற்பியலுக்கு இரக்கம் கிடையாது. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு இருமடி விகிதத்தில் ஏறும். வேகத்தை 10 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால், செலவு ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரவேண்டும். வெளியே 40 டிகிரி வெயில், உள்ளே ஹீட்சிங்கில் தறிப் பஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றால் அது தாங்குமா? பியூஸ் போகிறதே என்று தடிமனான கம்பியைக் கட்டுகிறவனுக்குச் சொல்லும் புத்திமதியைத்தான் இவர்களுக்கும் சொல்வேன். செய், ஆனால் என்ன செய்கிறாய் என்று தெரிந்து செய்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. மூடி விற்றதோடு நிற்காமல், சாவியையும் தனியாக விற்கிறார்களே, அங்கே.

இது புதிதல்ல. 1991-ல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்ற சிப்பை, தசமக் கணக்குப் போடும் பகுதியை முடக்கிவிட்டு மலிவாக விற்றது. அந்தப் பகுதி வேண்டுமென்றால் 487எஸ்எக்ஸ் என்று தனியாக ஒன்றை வாங்கிச் செருக வேண்டும். அது உண்மையில் முழுமையான இன்னொரு 486 சிப். செருகியவுடன் பழையதை ஓரம் கட்டிவிட்டு, தானே எல்லா வேலையையும் பார்க்கும்! 2010-ல் பென்டியம் ஜி6951 சிப்புக்கு 50 டாலர் அட்டை ஒன்றை விற்றார்கள். அதில் உள்ள எண்ணைத் தட்டினால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் திறன் திறக்கும். எதிர்ப்பு கிளம்பி, 2011-லேயே கடையைக் கட்டினார்கள். 2023-ல் பெரிய சர்வர்களுக்கான சியான் சிப்புகளில் 'இன்டெல் ஆன் டிமாண்ட்' என்ற பெயரில் அதே சரக்கு திரும்ப வந்தது.

நம் பக்கமும் வந்தாயிற்று. அயோத்தியாப்பட்டணத்தில் பிரியும் அரூர் சாலையைப் பிடித்து ஊத்தங்கரை தாண்டிப் போனால் போச்சம்பள்ளி. அங்கே ஸ்கூட்டர் செய்யும் ஓலா, 2022 ஜனவரியில் ஓர் அறிவிப்பு செய்தது. எஸ்1 வண்டி வாங்கியவர்களுக்கு அதைவிட உயர்ந்த எஸ்1 புரோவின் பாகங்களையே பொருத்தித் தருவோம், கூடுதல் திறன் வேண்டுமென்றால் பணம் கட்டி மென்பொருள் வழியாகத் திறந்துகொள்ளலாம் என்றது. அன்றைக்குப் பலர் இதைச் சலுகை என்று பாராட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு பேட்டரியின் எடையைச் சுமந்துகொண்டு ஓடுவது என் வண்டி, அதன் முழு தூரத்தையும் போக அனுமதி தருவது வேறொருவர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பினாம் சிப்பில் பூட்டு இருந்தது, ஆனால் விற்ற பிறகு கம்பெனிக்காரன் கை என் வீட்டுக்குள் நீளவில்லை. இப்போது வருகிற பூட்டின் சாவி விற்றவன் சர்வரில் இருக்கிறது. வண்டியை இரண்டாம் கைக்கு விற்றால் நான் கட்டிய பணம் வண்டியோடு போகுமா, என்னோடு நிற்குமா? கம்பெனியை நாளைக்கு மூடிவிட்டால் யாரிடம் போய்ச் சாவி கேட்பது? வீட்டை விற்றுவிட்டு ஓர் அறையின் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவனை நம் ஊரில் யாராவது சும்மா விடுவார்களா?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. நல்ல காரியம். ஆனால் பழுது பார்க்கும் உரிமை மட்டும் போதாது. வாங்கிய பொருளுக்குள் எதையெல்லாம் மூடி வைத்திருக்கிறோம் என்று பில்லிலேயே எழுதித் தரவேண்டும் என்று சட்டம் வரவேண்டும். மூடியதை உரிமையாளர் தன் பொறுப்பில் திறந்தால் அது குற்றமாகாது என்றும் அதிலேயே எழுத வேண்டும். திறந்ததை மறைத்து விற்கிற வியாபாரிக்குத் தண்டனை வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நியாயம்.

அதுவரை, கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பழகுவோம்: "இதுல உள்ளே இருக்கறது எல்லாம் எனக்குத்தானுங்களா, இல்ல பாதி இன்னும் உங்க கம்பெனிக்கா?"