முதலிடம் இல்லாத பயணம்

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணமான ‘பிரவே’ இந்திய நகரங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. இதில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. குறித்த நேரத்திற்குள் வந்து சேர்ந்தவர் அனைவரும் சமம். 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை ஒரே பருவத்தில் முடிப்பவர் ‘சூப்பர் ராண்டனர்’ ஆகிறார். 600 கிலோமீட்டருக்கான கால வரம்பு 40 மணி நேரம்.

போட்டியற்ற இவ்வமைப்பினுள் போட்டி வேறு வழியாக நுழைகிறது. ஓராண்டில் எத்தனை பிரவே, எத்தனை மாரத்தான் என்னும் எண்ணிக்கையே சாதனையாகக் கொள்ளப்படுகிறது. அந்த எண்ணிக்கையைக் கூட்டும் முனைப்பில் முதலில் பலியாவது உறக்கம். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் நள்ளிரவில் கண்ணயர்பவருக்கு மனவுறுதி துணை நிற்காது.

தன் எல்லையை விரிக்க முனைவது நல்ல அறைகூவல்தான். ஆயினும் அவ்வெல்லையை அறிவதும் அதன் பகுதியே. ஓய்வுக்கு இடம் விட்டு, ஆண்டுக்குச் சில நிகழ்வுகளை மட்டும் தேர்ந்துகொள்வதில் இழிவு ஏதுமில்லை. வழியில் தேநீர்க்கடைப் பெஞ்சில் படுத்துறங்கி, நேரம் கடந்து வந்து சேர்ந்தவரைத் தோற்றவர் எனக் கருதும் வழக்கம் ஒழிய வேண்டும். அவர் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார். பாராட்டு அவருக்கும் உரியது.