அறுபதாயிரம் மடங்குக்கு ஆதாரம் எங்கே?

“மனித மூளை எழுத்தைவிடப் படத்தை 60,000 மடங்கு வேகமாக உள்வாங்கும்.” ஜொகூரின் உலு திராம் வட்டாரத்துப் பிள்ளைகள் கல்லூரியில் காலெடுத்து வைத்ததும் நூலகப் பயிற்சியில் கேட்கிற முதல் வேதவாக்கு இதுதான். பேச்சாளர் மாறுவார், சிலைடு மாறாது. ஆகவே தேடலைப் படமாகக் காட்டுங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம்.

யார் செய்த ஆய்வு, எந்த ஆண்டு என்று கேட்டுப் பாருங்கள். இணையமெல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. மூல ஆய்வை மட்டும் யாரும் காட்டவில்லை. ஆதாரம் பார்க்கக் கற்றுத்தரும் வகுப்பை ஆதாரமில்லாத எண்ணோடு தொடங்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அடுத்த சிலைடில் கூம்பு. படித்ததில் 10 விழுக்காடுதான் மனத்தில் நிற்குமாம், பார்த்ததில் 30. கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட கூம்பில் விழுக்காடே கிடையாது. பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்தது.

சில பிள்ளைகள் “கண்ணால் கற்பவர்கள்” என்பது மூன்றாவது. ஆளுக்கேற்ற பாணியில் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008லேயே எழுதிவிட்டார்கள். இக்காலப் பிள்ளைகள் எழுத்தே படிப்பதில்லை என்றும் ஒரு பேச்சு. அப்படியானால் வாட்ஸ்அப்பில் இரவெல்லாம் என்ன செய்கிறார்கள்?

இனி, தேடலைக் கற்பிக்க அவர்கள் காட்டும் வட்டங்களுக்கு வருவோம். ஜான் வென் 1880இல் தருக்கவியலுக்காக வரைந்த வட்டங்கள் இன்று நூலகப் பயிற்சியின் குலதெய்வம். இரண்டு வட்டம் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பச்சை அடித்து, இதுதான் தேடலில் இரண்டு சொல்லையும் இணைக்கும் “அண்ட்” என்கிறார்கள். மாணவனும் தலையாட்டுகிறான். வட்டத்துக்குள் எந்தச் சொல்லைப் போடுவது? அதைப் படம் சொல்லாது.

நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி தோட்டத் துண்டாடல் பற்றி இடுபணி எழுதுகிறாள் என்று வையுங்கள். ஐம்பதுகளில் மலாயாவில் வெள்ளைக்கார நிறுவனங்கள் விற்ற ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கிக் கைமாற்றியதில் வேலையும் வீடும் இழந்தவர்கள் நம் ஆட்கள். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். அவள் ஆங்கிலத்தில் “ஃபிராக்மென்டேஷன்” என்று தட்டுவாள். பொருளியலாளர் உங்கு அசிஸின் பெரிய ஆய்வோ “சப்டிவிஷன் ஆஃப் எஸ்டேட்ஸ் இன் மலாயா, 1951–1960” என்ற பெயரில் இருக்கிறது. தலைப்புத் தேடலில் அந்த நூல் அவள் கண்ணில் படாது. 1924இல் தொடங்கி 2019இல் நின்ற தமிழ் நேசன் நாளிதழைத் தேடினால் இன்னொரு தொல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் தமிழ்ச் சகரம் ஆங்கில “சி” எழுத்தாகும், “எஸ்” ஆகாது. அம்முறையைப் பின்பற்றும் பட்டியலில், நாம் வழக்கமாக எழுதும் எழுத்துக்கூட்டலைத் தட்டினால் நேசன் அகப்படாமலே போகலாம்.

இதற்கெல்லாம் எத்தனை வட்டம் வரைவீர்கள்? என்ன நிறம் அடிப்பீர்கள்? ஒரு பொருளுக்கு வேறு பெயர் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க நிறையப் படித்திருக்க வேண்டும், பொருள் தலைப்புகளைப் புரட்டியிருக்க வேண்டும். தனிநாயகம் அடிகள் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே தந்த தமிழாய்வு வழிகாட்டியே நூற்பெயர்ப் பட்டியல்தான். அதைக் கூம்பாக்கித் தரவில்லை என்று எந்த ஆய்வாளரும் அழவில்லை.

நூலகத்தில் மாடிப்படி எங்கே, கழிவறை எங்கே என்று காட்டப் படம் போதும், ஒப்புக்கொள்கிறேன். மிச்ச நேரத்தில் துண்டாடல் பற்றிய ஒரு நூலைத் திறந்து, அதன் அடிக்குறிப்பு ஒன்றைப் பிள்ளைகளோடு அலமாரிவரை துரத்திப் போகலாமே. படம் வடிவமைக்கும் கான்வா கணக்கு அதற்குத் தேவைப்படாது.