ஐம்பது ரூபாயும் இருபது ஆண்டுகளும்

வீட்டுக்கடன் பெறும் குடும்பம் பெரும்பாலும் இரண்டு எண்களையே மனத்தில் இருத்திக்கொள்கிறது. மாதத் தவணை எவ்வளவு என்பது ஒன்று. எத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தாங்கக்கூடியவை என்று தெரிந்ததும் கையொப்பம் இடப்படுகிறது. மூன்றாவது எண் ஒன்று உண்டு. அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போர் குறைவு. 30 லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். வட்டி விகிதம் இடையில் மாறாது என்று கொண்டால், 240 தவணைகளையும் கட்டி முடிக்கும்போது நாம் செலுத்தியிருக்கும் தொகை 62 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய். அதில் வட்டி மட்டும் 32 லட்சத்து 48 ஆயிரம். வாங்கிய கடனைவிட அதற்குக் கட்டிய வட்டி பெரிது.

இந்த மூன்றாவது எண்ணைக் குறைக்க வேண்டுமானால் பெருந்தொகை ஏதேனும் கைக்கு வர வேண்டும், ஊரிலுள்ள நிலம் விலைபோக வேண்டும், இல்லையேல் ஓய்வுக்காலப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. அன்றாடச் செலவில் மிஞ்சும் சிறு தொகைகளே போதும் என்பது எங்கள் கருத்து. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. மிஞ்சிய பணம் மிஞ்சிய மாதத்திலேயே கடன் கணக்கிற்குச் சென்று அசலைக் குறைக்க வேண்டும்; அதுவும் கடனின் தொடக்க ஆண்டுகளில் குறைக்க வேண்டும்.

ஒரு வங்கியின் இதழே இதனைச் சொல்லலாமா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். வட்டிதானே வங்கியின் வருவாய்? உண்மையே. ஆனால் திரும்பி வரும் அசல் பெட்டியில் உறங்குவதில்லை. அடுத்த குடும்பத்திற்குக் கடனாகச் செல்கிறது. இருபதாம் ஆண்டுவரை திணறித் திணறிக் கட்டுபவரைவிட, பதினைந்தாம் ஆண்டில் முடித்துவிட்டு மகளின் கல்விக்காக மீண்டும் வாயிலில் வந்து நிற்பவரே எந்த வங்கிக்கும் நல்ல வாடிக்கையாளர். அப்படி இல்லாவிட்டாலும் இதனைச் சொல்லத்தான் வேண்டும். கணக்கு வாடிக்கையாளருடையது.

மேற்சொன்ன கடனின் முதல் தவணையை எடுத்துக்கொள்வோம். 26,035 ரூபாயில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் சேர்வது 4,785 ரூபாய் மட்டுமே. முதல் ஆண்டு முழுவதும் 3,12,000 ரூபாய்க்கு மேல் கட்டிய பின்னும் அசல் குறைந்திருப்பது ஏறத்தாழ 59,700 ரூபாய்தான். பத்து ஆண்டுகள், அதாவது சரிபாதிக் காலம் கடந்த பின்னரும், 30 லட்சத்தில் 21 லட்சம் நிலுவையாகவே நிற்கும். தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கை முந்துவது பன்னிரண்டாம் ஆண்டின் இறுதியில்தான். இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. நிலுவையில் உள்ள தொகைக்கு வட்டி கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் நிலுவை பெரிது, ஆகவே வட்டியும் பெரிது.

ஆனால் இதே விதி நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். முதலாண்டின் இறுதியில் 50,000 ரூபாயைக் கூடுதலாக அசலில் செலுத்தினால், கடன் ஒன்பது மாதங்கள் முன்னதாக முடிகிறது. மிச்சமாகும் வட்டி 1,92,000 ரூபாய்க்கு மேல். அதே 50,000 ரூபாயைப் பதினைந்தாம் ஆண்டின் இறுதியில் செலுத்தினால் மிச்சம் 26,000 ரூபாயைக்கூடத் தொடுவதில்லை. கைநிறையப் பணம் வரும் காலத்தில் அடைத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்போர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். இளம் வயதில், வருமானம் குறைவாக உள்ள ஆண்டுகளில், சிரமப்பட்டுச் சேர்க்கும் சிறு தொகைக்கே வலிமை அதிகம்.

எனவே பெரிய தொகையை விட்டுவிட்டு நாளொன்றுக்கு 50 ரூபாயைப் பார்ப்போம். மாதத்திற்கு 1,500 ரூபாய். முதல் மாதத்திலிருந்தே இதனைத் தவணையோடு சேர்த்து அசலுக்குச் செலுத்திவந்தால், 240 மாதக் கடன் 210 மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது. முப்பது மாதங்கள் முன்னதாக வீடு நமதாகிறது; வட்டியில் ஏறத்தாழ 4 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. நாளொன்றுக்கு 100 ரூபாய் எனில் கடன் நான்கு ஆண்டு ஐந்து மாதங்கள் முன்னதாக முடியும். மிச்சம் 8 லட்சத்து 33 ஆயிரத்தை எட்டும். பெருநகரம் ஒன்றில் வீட்டுக்கு வரவழைத்து உண்ணும் ஒருவேளை உணவின் விலையில் 50 ரூபாய் என்பது கொண்டுவரும் கட்டணத்திற்கே சரியாகிவிடும்.

இவ்வளவு எளிதென்றால் எல்லோரும் ஏன் செய்வதில்லை? நம் குடும்பங்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்ட பின், அஞ்சறைப்பெட்டியிலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும் புடவை மடிப்பிலிருந்தும் வெளிவந்த பணத்தைக் கண்டு வீட்டிலிருந்த ஆண்களே திகைத்தனர். குறை சேமிப்பில் இல்லை. சேமித்த பணம் தங்கும் இடத்தில் இருக்கிறது. பானையில் உள்ள பணத்திற்கு வட்டி இல்லை. சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்திற்குப் பெரும்பாலான வங்கிகள் தரும் வட்டி, கடனுக்கு நாம் கட்டும் வட்டியில் பாதியைக்கூட எட்டாது. அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. கண்ணில் படும் பணம் தீபாவளித் தள்ளுபடியில் கரைந்துவிடும். இந்த மாதம் மின்கட்டணத்தில் 400 ரூபாய் குறைந்தது என்று மகிழ்கிறோம். அந்த 400 எங்கே என்று மாத இறுதியில் கேட்டால் விடை இருப்பதில்லை. செலவைத் தவிர்த்தது மட்டும் சேமிப்பாகிவிடாது. ஆகவே மிஞ்சும் என்று நம்பும் தொகையை ஊதியம் வந்த மறுநாளே கடன் கணக்கிற்குத் தானாகச் செல்லும்படி அமைத்துவிடுவதே நன்று என்கிறோம். பல வங்கிகளில் வட்டி நாள்தோறும் உள்ள நிலுவையின்மீது கணக்கிடப்படுவதால், மாத இறுதியைவிட மாதத் தொடக்கத்தில் செலுத்துவதில் சிறிது ஆதாயமும் உண்டு.

எதில் குறைப்பது என்ற கேள்வியில் எங்களுக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. சிக்கனம் என்றவுடன் சமையலறையை நோக்கித் திரும்புவது நம் வீடுகளின் பழைய வழக்கம். பாலில் அரை லிட்டர், பழத்தில் ஒரு கிலோ, முதியவரின் மருந்தில் ஒரு பட்டை என்று குறைத்துக் கட்டப்படும் கடன், வட்டியை மருத்துவமனையில் வசூலித்துக்கொள்ளும். வீட்டுச் செலவை நடத்தும் பெண்ணின் தலையில் மட்டும் இச்சுமையை ஏற்றுவதும் முறையன்று. குறைக்க வேண்டியவை வேறு. யாரும் பார்க்காத காணொளிச் செயலிகளின் ஆண்டுச் சந்தா, மூன்று கைபேசிகளில் இருவர் மட்டும் பயன்படுத்தும் இணைய இணைப்பு, மாதந்தோறும் பிரித்துக் கட்டுவதால் கூடிப்போகும் காப்பீட்டுச் சந்தா ஆகியவற்றை நிறுத்தினாலோ மாற்றினாலோ எவர் தட்டிலும் ஒரு கவளம் குறையாது. மும்பைப் புறநகர் இரயிலில் நாள்தோறும் செல்பவருக்கு மூன்று மாதப் பயணச்சீட்டு, மூன்று தனித்தனி மாதச் சீட்டுகளைவிட மலிவு. குளிர்சாதனத்தை ஒரு பாகை உயர்த்தி வைத்தால் அதன் மின்செலவில் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்று நடுவண் அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் இயங்கும் புதிய வகையை மாட்டினால், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் ஒரு விசிறியில் மட்டும் மாதம் 16 யூனிட் மிஞ்சும்.

எவரும் எதையும் துறக்காமலே கிடைக்கும் சேமிப்பும் ஒன்று உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத்திற்குமுன் 4 விழுக்காடாக இருந்து, 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காட்டை எட்டியது. அப்போது பலருடைய மாதத் தவணை மாறவில்லை. மாறாக, கடனின் காலம் சத்தமின்றி நீண்டது. இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்ற தெரிவை வாடிக்கையாளரிடமே விட வேண்டும் என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பின்னர் 2025ஆம் ஆண்டில் ரெப்போ விகிதம் படிப்படியாகக் குறைந்து டிசம்பரில் 5.25 விழுக்காட்டிற்கு வந்தது. வட்டி குறைந்ததும் தவணையைக் குறைத்துத் தருமாறு கேட்கும் ஆசை இயல்பானது. புதிதாகப் பெற்ற 30 லட்சம் கடனுக்கு வட்டி 8.5 விழுக்காட்டிலிருந்து 7.5 ஆனால் தவணை 24,168 ரூபாயாகக் குறையும். வேறுபாடு 1,867 ரூபாய். நாம் மேலே நாள்தோறும் 50 ரூபாயாகத் திரட்டிய தொகையைவிட இது அதிகம். பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் போதும். கடன் தானே சுருங்கும்.

மாற்றுக் கருத்துகள் உண்டு. அவற்றில் சில வலுவானவை. வருமான வரிச் சலுகை போய்விடுமே என்பது அவற்றுள் மிகப் பரவலானது, எங்கள் பார்வையில் மிக மெலிந்ததும்கூட. பழைய வரிமுறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரைதான் கழிவு. நம் எடுத்துக்காட்டில் முதலாண்டு வட்டியே 2,52,000 ரூபாயைத் தாண்டுகிறது. உயர்ந்த வரி அடுக்கில் இருப்பவரும் 30 ரூபாய் வரியைத் தவிர்க்க 100 ரூபாய் வட்டி கட்டுகிறார். புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கோ குடியிருக்கும் வீட்டிற்கு அந்தக் கழிவும் இல்லை.

அந்த 1,500 ரூபாயைப் பரஸ்பர நிதியில் மாதந்தோறும் இட்டால் இருபது ஆண்டுகளில் இதைவிடப் பெருகாதா என்பது அடுத்த கேள்வி. பெருகலாம். சந்தையின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் காலமும் உள்ளவரை நாங்கள் தடுக்கமாட்டோம். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 8.5 விழுக்காட்டுக் கடனை அடைப்பது என்பது, உறுதியான, வரியற்ற 8.5 விழுக்காடு ஈட்டுவதற்கு ஒப்பு. வைப்புத்தொகையில் இது கிடைப்பது அரிது. அங்கே ஈட்டும் வட்டிக்கு வரியும் உண்டு. வேலை போனால் சந்தை முதலீடு காத்திருக்கும், தவணை காத்திருக்காது. ஒற்றை வருமானத்தில் நடக்கும் குடும்பத்திற்கு இக்கடைசி வேறுபாடே பெரிது.

இதனாலேயே எல்லோரும் இன்றே முன்கூட்டிச் செலுத்தத் தொடங்க வேண்டும் என்று நாங்கள் கூறமாட்டோம். கடன் அட்டையில் நிலுவை வைத்திருப்பவர் வீட்டுக்கடனைத் தொடவே வேண்டாம். பல அட்டைகளில் ஆண்டு வட்டி 36 விழுக்காட்டையும் கடக்கிறது. தனிநபர் கடனும் அவ்வாறே முதலில் தீர வேண்டும். ஆறு மாதச் செலவும் தவணையும் கைக்கு எட்டும் இடத்தில் இல்லாதவர் முதலில் அதனைச் சேர்க்கட்டும். அசலில் கட்டிய பணத்தை அவசரத்திற்குத் திரும்பக் கேட்க இயலாது. அவ்வாறு எடுத்துக்கொள்ள இடமளிக்கும் மிகைப்பற்று வகை வீட்டுக்கடனும் உண்டு. அதற்கு வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும்.

தொடங்க முடிவு செய்தவர் கிளையில் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. மாறும் வட்டியில் தனிநபர்கள் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2012 ஜூன் மாதத்திலேயே ரிசர்வ் வங்கி ஆணையிட்டுவிட்டது. நிலையான வட்டியில் பெற்றிருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். கூடுதலாகச் செலுத்தும் தொகை, அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வரவு வைக்கப்படாமல் அசலில் கழிக்கப்படுகிறதா என்று முதல் மாதத்திலேயே கணக்கு அறிக்கையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தையே குறைக்க வேண்டும் என்று எழுத்தில் தர வேண்டும். ஒருமுறைக்கு இவ்வளவு என்ற குறைந்த அளவு இருந்தால், அதனை எட்டும்வரை தனிக் கணக்கொன்றில் சேர்த்து மூன்று மாதத்திற்கு ஒருமுறை செலுத்தலாம்.

கடைசித் தவணை முன்னதாக முடிந்த பின் செய்ய வேண்டியதும் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் வீட்டின் மூலப்பத்திரங்கள் திரும்பத் தரப்பட வேண்டும். தாமதத்திற்கு வங்கியே காரணமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரங்களோடு கடன் தீர்ந்ததற்கான சான்றையும் பெற்றுக்கொண்டு, அடமானம் பதிவாகியிருக்குமாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதனை நீக்கி, சில வாரங்கள் கழித்து வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.