மூலத்துக்கும் பாடபேதத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடம்

புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவுசெய்த மகாபாரதச் செம்பதிப்பை இன்று நூலக மேசையில் விரித்துப் படிப்போர் குறைவு. ஆய்வு மாணவர் பலர் அதனை ஒளிவருடிய கோப்பாகக் கைப்பேசியிலேயே காண்கின்றனர். பெரிய தாளுக்கென வகுத்த பக்கம் உள்ளங்கைக்குள் சுருங்கும்போது எழுத்துகள் தப்பிவிடுகின்றன, இடைவெளிகள் தப்புவதில்லை.

1925-இல் பொதுப்பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற வி. எஸ். சுக்தங்கரின் பதிப்புமுறையில் பக்கம் இரு தளங்கள் கொண்டது. மேலே பெரிய எழுத்தில், தேர்ந்து நிறுவிய மூலபாடம். கீழே சிறிய எழுத்தில், எந்தச் சுவடி எங்கே வேறுபடுகிறது என்னும் குறிப்பு. உறுதிப்படாத சொல்லின் அடியில் நெளிகோடு. மூலத்திலிருந்து விலக்கிய சிறு பகுதிகள் உடுக்குறியிட்ட எண்ணோடு கீழ்த்தளத்தில் நிற்கும். நீண்டவை பிற்சேர்க்கைக்குச் செல்லும். அவையில் திரௌபதி கண்ணனை அழைத்து முறையிடும் வரிகள், எட்ஜெர்டன் பதிப்பித்த சபாபருவத்தில் மூலத்திலிருந்து விலக்கப்பட்டவையே. காஷ்மீரத்துச் சாரதாச் சுவடிகளுக்குச் சுக்தங்கர் அளித்த முதன்மையால், கிரந்தம், தெலுங்கு, மலையாளம் ஆகிய எழுத்துகளில் அமைந்த தென்னகச் சுவடிகளின் தனிவழக்குகளும் பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே வாழ்கின்றன. தமிழ் ஆய்வாளர்க்கு அது அடிக்குறிப்பு மட்டுமா?

பக்கத்தை ஒரே விகிதத்தில் சுருக்கினால் உறவுகள் மாறா என்பது கணக்கு. கண்ணின் கணக்கு வேறு. தாளில் தெளிவாகத் தெரிந்த தளப்பிரிவு, சிறு திரையில் வரிகளுக்கிடையிலான இடைவெளியோடு ஒன்றாகிவிடுகிறது. நெளிகோடு நாகரி எழுத்தின் கீழ்த்தொங்கும் உகரக் குறியோடு கலந்து மறைகிறது. விரல்களால் பெரிதாக்கினாலோ ஒரு தளம் மட்டுமே திரையில் நிற்கும்; மற்றது வெளியே போய்விடும்.

திரைக்கேற்ப வரிகளை மடித்தமைக்கும் மின்பதிப்புகளின் பிழை வேறு வகையானது. இருபுறமும் 40 பிக்சல் விளிம்பு என்று நிலையாக விதித்தால், 360 பிக்சல் அகலத் திரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெறுமையாகப் போகிறது. சதவீதத்தில் விதித்தால் அகன்ற திரையில் குறிப்பு தன் சுலோகத்தை விட்டு எங்கோ ஒதுங்குகிறது. (சிஎஸ்எஸ் மொழியில் மேல், கீழ் விளிம்புகளுக்குத் தரும் சதவீதமும் அகலத்தை வைத்தே கணக்கிடப்படும், இதில் இடறாதவர் அரிது.) எழுத்தின் அளவோடு இடைவெளியைப் பிணைக்கும் 'எம்' அலகும், கீழெல்லையும் மேலெல்லையும் வகுக்கும் 'கிளாம்ப்' கட்டளையும் இதற்கென்றே உள்ளன. ஆயினும் கருவியைக் காட்டிலும் வரிசை முதன்மையானது: குறிப்புகள் தமக்குள் கொள்ளும் இடைவெளி மிகச் சிறியது, சுலோகத்துக்கும் அதன் குறிப்புக்கும் நடுவே உள்ளது அதனினும் பெரியது, அடுத்த சுலோகத்துக்கு முன் விடுவது எல்லாவற்றினும் பெரியது. திரை எவ்வளவு குறுகினும் இவ்வரிசை குலையலாகாது.

அவ்வாறாயின் குறுகிய திரையில் கீழ்த்தளம் பக்க அடியில் நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுலோகத்தின் கீழும் அதற்குரிய பாடபேதம் வந்தமரலாம். இது தொடர்வாசிப்பைத் துண்டாக்கும் என்னும் மறுப்பில் நியாயம் உண்டு. தொடர்ந்து ஓதிச் செல்ல விரும்புவோர்க்குத் தொகுனாகா உள்ளிட்டோர் தட்டச்சிட, ஜான் ஸ்மித் திருத்தி 1999-இல் வெளியான மின்பாடம் இருக்கிறது. எண்ணைத் தொட்டால் குறிப்பு விரியட்டும் என்பார் சிலர். கிரந்தச் சுவடி வேறு சொல்கிறது என்பதையே அறியாத மாணவர் எதைத் தொடுவார்? குறிப்பு திறந்தே இருக்கட்டும், வேண்டாதவர் மூடிக்கொள்ளட்டும். முழு நூலையும் மாற்றியமைக்குமுன் ஆதிபருவத்தின் ஓர் அத்தியாயத்தை மட்டும் இவ்வாறு அமைத்து, மலிவான கைப்பேசி ஒன்றில் மாணவர் சிலரிடம் கொடுத்துப் பார்க்கலாம்.