முப்பதாம் எண் நாய்

அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அழைப்பிதழில் போட ஒரு படத்தை ஃபோனில் அனுப்பியிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் ஜப்பானிய கார்ட்டூன் ஆட்களைப்போலப் புல்வெளியில் நிற்கிறார்கள். "யாரும்மா வரைஞ்சது?" என்று கேட்டேன். "யாரும் வரையல மாமா. கிப்லி ஸ்டைல். போட்டோவைக் குடுத்தா ஏஐ ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தந்துடும்" என்றாள்.

அந்த 'யாரும் வரையல' வாரம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அட்டைப்படம் வரைந்தவர் பெயரைப் போடாமல் விடுகிற பழக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே பெயர்தான் விடுபட்டது. வரைந்த ஆள் ஒருவர் இருந்தார். இங்கே ஆளே வேண்டாம் என்றாகிவிட்டது. கிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனத்தின் ஹயாவோ மியாசாகி எடுத்த 'த விண்ட் ரைசஸ்' படத்தில் நான்கு விநாடி ஓடும் ஒரு கூட்டக் காட்சியை வரைய ஓர் ஓவியருக்கு 1 ஆண்டு 3 மாதம் பிடித்தது. இதைத்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன். மனம் அடங்கட்டும் என்று அலமாரியிலிருந்து 'த லண்டன் ஜங்கிள் புக்'கை எடுத்தேன். அதோடு கிப்லி போயிற்று.

வரைந்தவர் பஜ்ஜு ஷியாம். மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்துக்காரர். பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியர். 2002-ல் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரையப் போய் இரண்டு மாதம் தங்கினார். அங்கே கண்டதையெல்லாம் பிறகு படமாகப் போட்டார். 2004-ல் சென்னையின் தாரா புக்ஸ் அதைப் புத்தகமாக்கியது.

பிக் பென் கடிகாரத்தைப் பார்த்தவருக்குச் சேவல் நினைவுக்கு வந்தது. அவர் ஊரில் பொழுதைச் சொல்வது சேவல்தானே? மணிக்கூண்டையும் சேவலையும் ஒன்றாக்கி, கடிகார முகத்தைச் சேவலின் கண்ணாக வைத்தார். பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழு ஆனது. அத்தனை கனத்தோடு மேலே எழும்பும் விமானம் பறக்கிற யானை ஆனது. என்னால் கடக்க முடியாத பக்கம் பேருந்துடையது. தெரியாத ஊர், புரியாத மொழி, வழி தவறிவிடுமோ என்ற பயம். 30-ஆம் எண் பேருந்து மட்டும் அவரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டது. அந்த நன்றியில் அதை நாயாக வரைந்தார். லண்டன் பேருந்தின் சிவப்பை எவரும் பார்த்திருப்பார்கள். விசுவாசத்தைப் பார்த்தவர் இவர் ஒருவர்.

பாணி என்று நான் சொல்வது இதைத்தான். அது கோட்டிலும் புள்ளியிலும் மட்டும் இல்லை. புதிதாக ஒன்று எதிரே வரும்போது, நமக்குள் ஏற்கெனவே இருக்கிற எது எழுந்துபோய் அதை வரவேற்கிறது என்பதில் இருக்கிறது.

அந்தப் புள்ளிகளுக்கும் ஒரு தகப்பன் உண்டு. பஜ்ஜுவின் சித்தப்பா முறை ஜங்கட் சிங் ஷியாம். 1980-களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்காகக் கிராமக் கலைஞர்களைத் தேடியபோது கண்டடைந்தவர். மண்சுவரில் இருந்த கலையை ஜங்கட் காகிதத்துக்கும் கித்தானுக்கும் கொண்டுவந்தார். நுண்புள்ளிகளாலும் மெல்லிய கோடுகளாலும் உருவங்களை நிரப்பினார். பஜ்ஜு அவரிடம்தான் பழகினார். சித்தப்பா போட்ட உருவங்களுக்குள் கோடுகளை நிரப்பிக் கொடுப்பது அவர் வேலை. அந்த மரபில் நிரப்பும் வகைதான் கையெழுத்து. ஒருவருடையதுபோல் இன்னொருவருடையது இருக்காது. நிரப்பப் பழகியவர் தமக்கென ஒரு வகையைக் கண்டெடுத்த பிறகுதான் ஓவியர் ஆகிறார். பெரியவரின் பாதிப்பு என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்: வாங்கியதில் தன்னுடையதைச் சேர்க்க வேண்டும், கொடுத்தவர் பெயரையும் மறக்கக் கூடாது.

ஜங்கட் 2001-ல் ஜப்பானில் இறந்துபோனார். அவர் தொடங்கிய வழியை 'ஜங்கட் கலம்' என்கிறார்கள். இந்தியில் கலம் என்றால் எழுதுகோல். ஒரு மனிதனின் பெயரே ஒரு பாணிக்குப் பெயரானது. இன்றைக்கு அந்தப் புள்ளி வைத்த மான்கள் துணிப்பையிலும் காபிக் கோப்பையிலும் திரிகின்றன. 'பழங்குடி ஓவியம்' என்று மட்டும் போட்டிருக்கும். பெயர் இருக்காது. என் பழைய கோபம் இங்கேதான் வந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அக்கா மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். நாய்ப் பக்கத்திலேயே வெகுநேரம் இருந்தாள். தினம் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறவள். "எங்க பஸ் எருமை மாமா" என்றாள். "அவசரமே படாது. ஆனா இருட்டறதுக்குள்ள வீட்டுல சேத்துடும். மாப்பிள்ளையை மொதல்ல பாத்ததும் அதுலதான்."

"அப்போ அழைப்பிதழுக்கு எருமையையே வரை. கோணலா வந்தாலும் பரவாயில்ல. கீழே உன் பேரை எழுது" என்றேன்.

பென்சில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.