தண்ணியில நாலு கால்!

உங்க வீட்டு லேப்ரடாருக்குப் பின்னங்கால் முழங்கால்ல ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் நடந்திருக்குன்னு வெச்சுக்கங்க. (ஃபுட்பால் ஆடுற நம்ம பசங்க கிழிச்சுக்கிட்டு, கட்டோட கேன்டீன்ல உட்கார்ந்திருப்பாங்களே... அதே ஜவ்வுதான்!) உடனே யாராவது ஒருத்தர், ''தண்ணியில விடுப்பா, சரியாயிடும்''னு சொல்வார். பாதிதான் சரி. எவ்வளவு தண்ணிங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

அமெரிக்காவில் நாய்களைத் தண்ணிக்குள்ள நிறுத்தி, காலில் இறங்குற எடையை அளந்து, 2010-ல் முடிவை வெளியிட்டாங்க. தண்ணி முழங்கால் அளவு இருந்தா 15 சதவீதம்தான் குறைஞ்சுது. இடுப்பளவு ஏத்தினா... 62 சதவீதம்! அதாவது, 30 கிலோ லேப்ரடாரின் நாலு காலுக்கும் சேர்த்து பதினோரு கிலோ சொச்சம்தான் பாரம்.

அதனாலதான் கண்ணாடித் தொட்டிக்குள்ள ட்ரெட்மில்லை வெச்சு, வெதுவெதுப்பான தண்ணி நிரப்பி, மெதுவா நடக்க விடுறாங்க. வலிக்குப் பயந்து காலைத் தூக்கியே வெச்சிருந்ததுல தொடை சூம்பிப் போயிருக்கும். கீழே பெல்ட் நகர நகர, அந்தக் காலையும் ஊன்றித்தானே ஆகணும்? தண்ணியை எதிர்த்துத் தள்ளுறதுல தசைக்கும் நல்ல வேலை.

'அப்போ நீச்சல்?'னு கேக்கறீங்களா? இங்கதான் ட்விஸ்ட். நீந்தும்போது நாய் பெரும்பாலும் முன்னங்காலை வெச்சுத்தான் இழுக்கும். பின்னங்கால் நைஸா டிமிக்கி கொடுத்துடும். பயந்துபோய் கன்னாபின்னான்னு உதைச்சா, ஆபரேஷன் பண்ணின முழங்காலுக்கே ஆபத்து. ஸோ, 'சீக்கிரம் தேறட்டும்'னு தோட்டத்துக் கிணத்துல தூக்கிப் போடக் கிளம்பற மாமாக்களைக் கையைப் பிடிச்சு நிறுத்துங்க. தையல் ஆறுற வரைக்கும் எந்தத் தண்ணியும் வேண்டாம். இதயக் கோளாறு இருக்கிற நாய்னா டாக்டரைக் கேக்காம இறக்கவே கூடாது. புல்டாக்கா? கனத்த தலை, குட்டைக் கால்... லைஃப் ஜாக்கெட் இல்லாட்டி முங்கிடும் பாஸ்!

உங்க ஊர்ல தண்ணி ட்ரெட்மில் இல்லையா? கவலை வேண்டாம். டாக்டர் சொல்ற நிமிஷக் கணக்குப்படி, செயினைக் கையில பிடிச்சு மெதுவா நடக்க வைக்கறதும் சிகிச்சைதான். ஓடவோ, மாடிப்படி தாவவோ விடாதீங்க.

தண்ணியில இறக்கினா, மூச்சு வாங்குறப்பவே வெளியே எடுத்துடுங்க. காதைத் துடைக்க மறக்காதீங்க, தொங்குற காதுல ஈரம் நின்னா சீழ் பிடிக்கும். ஆனா, அது உங்க மேல ஒரு தடவை உடம்பை உதறி முடிக்கட்டும். அப்புறம் துடைச்சா ஒரு டவல் மிச்சம்!